சக்கரத்தை உருட்டியவன்

ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் என் கீபோர்டு செத்து மூன்று மாதம் ஆகிறது. புதிது கேட்டதற்கு மேலாளர், "எலி இருக்குல்ல, அத வச்சு ஓட்டுப்பா" என்றார். திரையில் எழுத்துப் பலகையைத் திறந்துவைத்து, கோழி கொத்துவதுபோல ஒவ்வொரு எழுத்தாக மவுஸால் கொத்தினேன். பழகப் பழக அதிலும் ஒரு திமிர் வந்துவிட்டது. மவுஸின் சக்கரத்தை உருட்டிப் பக்கத்தை இறக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அன்று காலில் சீழ் வைத்து, காய்ச்சலோடு வந்தவள் என் சொந்த அக்கா.

"பென்சிலின் எனக்கு ஆகாதுன்னு போடுடா. சின்ன வயசுல உடம்பெல்லாம் வீங்குச்சே."

"அத நீ எனக்குச் சொல்லணுமா?"

'பென்சிலின் ஒவ்வாமை' கட்டத்தில் 'உண்டு' என்று தேர்ந்தெடுத்து, திரையைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். பிறகு சக்கரத்தை உருட்டி அடிக்குப் போய்ச் சேமித்தேன்.

வார்டுக்குப் போவதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. அத்தான் சீட்டோடு மருந்துக் கடைக்குப் போயிருந்தார். பதிவைப் பார்த்து பென்சிலின் ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அக்கா போய்விட்டாள்.

ஊசி போட்ட நர்ஸை நான் கேட்காத கேள்வி இல்லை. "உண்டுன்னு என் கையால போட்டேன். உனக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?" மேலாளர் அவளிடம் விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போகும்முன் அவள் என் மேசைக்கு வந்தாள். "ஒரே ஒரு தடவ பாத்துடுங்கண்ணா."

பதிவில் 'இல்லை' என்றிருந்தது. கீழே என் பெயர்.

"எவனோ மாத்திட்டான்" என்றேன். நிரூபிக்கிறேன் என்று வெற்றுப் படிவம் ஒன்றைத் திறந்தேன். 'உண்டு' என்று தேர்ந்தெடுத்து வழக்கம்போல் உருட்டினேன். முதல் உருட்டலில் பக்கம் நகரவில்லை. 'உண்டு' மட்டும் 'இல்லை' ஆனது. அடுத்த உருட்டலில்தான் பக்கம் இறங்கியது. மறுபடி செய்தேன். மறுபடியும் 'இல்லை'.

அத்தான் கசங்கிய சட்டையோடு உள்ளே வந்தார். "இவள சும்மா விடக்கூடாது மச்சான். நீதான் சாட்சி சொல்லணும்."

என் விரல் இன்னும் சக்கரத்தின் மேல்தான் இருந்தது.

"சொல்றேன் அத்தான்" என்றேன். "இப்படி உக்காருங்க. அக்காவ நான் எப்படிப் பதிஞ்சேன்னு காட்டுறேன்."