கூடுதல் ஒரு மணி நேரம்

மணி அடித்ததும் பள்ளிக்கூடமே கட்டவிழ்த்து விட்டதுபோல் கலகலத்தது. லோகப்பிரியா மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. அவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் அவளுக்குத் தனி அறை. அறையென்ன அறை, விஞ்ஞான ஆய்வுக்கூடம்தான். ஆசிட் நெடியும் காலி ஸ்டூல்களும் துணை. படிக்கப் போனால் எழுத்தும் எண்ணும் அவள் கண்ணுக்குள் இடம் மாறிக்கொள்ளும். அதனால் கேள்வியை வாசித்துக் காட்டி, அவள் சொல்லச் சொல்ல எழுத ரங்கநாயகி டீச்சரை அனுப்பியிருந்தார்கள். படங்களை மட்டும் அவளே போடவேண்டும். நிதானமாக விட்டால் ஒழுங்காகப் போடுவாள். அதற்குத்தான் இந்தக் கூடுதல் நேரம்.

இந்தச் சலுகையை வாங்குவதற்குள் அப்பா பாலுசாமிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. லேத்துப் பட்டறையைப் பூட்டிவிட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட்டுக்கும் அனுமதிக்கும் சென்னைக்கு நடையாய் நடந்தார். "பொட்டப்புள்ளைக்கு மூளை செரியில்லீன்னு நீயே சர்ட்டிபிகேட் வாங்குவியா?" என்று பங்காளிகள் கேட்டதற்கும் அவர் அசையவில்லை. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றவள். இன்றைய கணக்குப் பரீட்சையிலும் தோற்றால் படிப்புக்கு முழுக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள்.

சன்னலுக்கு வெளியே கூடப் படித்தவர்கள் விடைகளைச் சரிபார்த்தபடி போனார்கள். ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தாள். அது வலித்தது. அவர்கள் பேசும்போது இவள் உள்ளே இருப்பாள்; இவள் வெளியே வரும்போது பேச ஒருத்தரும் இருக்கமாட்டார்கள்.

மிச்சம் இரண்டு கணக்கு. கிராஃப் தாளில் பென்சிலை வைத்தாள். புள்ளிகள் இன்று சொன்னபடி கேட்டன.

ரங்கநாயகி டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். காந்திபுரம் போய் கோபிசெட்டிபாளையத்துக்கு பஸ் பிடிக்கவேண்டியவர். ஆனாலும் வாய் திறக்கவில்லை. தமிழ்ப் பரீட்சையன்று அவர் ஒரு பெருமூச்சு விட்டதற்கே "முடிஞ்சுதுங்க டீச்சர்" என்று எழுந்துவிட்டவள் லோகப்பிரியா. இன்று எழுவதில்லை என்று உறுதியாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் கையில் இளநீரோடு வாசலில் வந்து நின்றார் பாலுசாமி. மரியாதையில் அந்த மனுஷனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பட்டறைக்குள் நுழையும் நாயைக்கூட "வெளிய போங்க" என்பவர்.

"ஏனுங்க டீச்சர், எங்க புள்ளையால உங்களுக்கு எத்தன சிரமம்! எந்தூருக்குப் போகோணுங்க?"

"கோபிக்குங்க. இருக்கட்டுங்க, புள்ள எழுதட்டும்."

"அட சாமி, அத்தன தூரமுங்களா?" பாலுசாமி பதறிப்போனார். "கண்ணு, எழுதிப்போட்டயில்ல? போதும் வா. டீச்சர் இன்னும் சோறுகூடச் சாப்பிடல, பாவம்."

பென்சில் பாதிக் கோட்டில் நின்றது. 'இல்லீங்கப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் டீச்சர் முன்னால் அப்பா பேச்சை மறுக்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

"சரிங்கப்பா" என்று விடைத்தாளை டீச்சரிடம் நீட்டினாள்.

பாலுசாமி ஆட்டோ பிடித்து டீச்சரை ஏற்றிவிட்டார். பிறகு மகளை வண்டியில் உட்காரவைத்துக் கிளம்பினார். துடியலூர் ரயில்வே கேட் மூடியிருந்தது.

"இருக்கட்டும், நமக்கென்ன அவசரம்" என்று எஞ்சினை அணைத்தார்.

அப்பாவின் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தும், இன்னும் அந்தத் தனி அறையிலேயே இருப்பதுபோல் அவளுக்கு இருந்தது. தனக்கென்று இருந்தது இவர் ஒருத்தர்தான்.

"இன்னும் ரண்டு கணக்கு இருந்துச்சுங்கப்பா."

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏஞ்சாமி அங்கயே சொல்லல?"

"நீங்க போதும்னு சொன்னீங்க."

பாலுசாமி மறுபடி முன்னால் திரும்பிக்கொண்டார். ரயில் வந்தது, போனது. கேட் திறந்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரனாக அடித்தார்கள். அவர் காலைத் தரையில் ஊன்றியபடியே இருந்தார், வண்டியைக் கிளப்பவில்லை.

"போலாங்கப்பா" என்றாள் லோகப்பிரியா. "பின்னால இருக்கறவங்களுக்கு நேரமாகுது."