பெட்டிக்கு வந்த காய்ச்சல்

விடிகிற நேரத்துக்கே ஓவர்லாக் தையல் மெஷின்கள் அலற ஆரம்பித்துவிட்டன. அவசர ஆர்டர். தகரக் கூரைக்குக் கீழே பனியன் துணியின் பஞ்சு புகையாக மிதந்தது. மூக்கில், புருவத்தில், சோற்றுத் தூக்கில் எல்லாம் அதுதான். கொஞ்ச நேரத்தில் என் எச்சிலே துணியின் நிறத்துக்கு வந்துவிடும். அன்று சிவப்பு.

தைத்த துணிக்கட்டை மேசையில் இருக்கிற கருவியில் காட்டினால் கம்ப்யூட்டரில் ஏறும். ஏறினால்தான் கூலி. நெட்வொர்க் அறுந்தால் போச்சு. முன்பெல்லாம் சிஸ்டம் பார்க்கிற அந்தோணிராஜ் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஹால் ஹாலாக அலைவான், பாதி நாள் ஓடிவிடும். போன மாசம் ஒரு சாஃப்ட்வேர் போட்டார்கள். ஹாலுக்கு ஒன்றாக இருக்கிற நெட்வொர்க் பெட்டிகளில் எது மக்கர் பண்ணுகிறதோ அது அவன் ஸ்கிரீனில் சிவப்பாகும். நேரே வந்து சரிசெய்துவிடுவான். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

அதுதான் எங்கள் ஹால் பெட்டிக்குச் சூடு ஏறுகிறது, பஞ்சு அடைக்கிறது என்று காட்டிக்கொடுத்தது. முதலாளி ஆறுச்சாமி உடனே பெட்டியைச் சுற்றிக் கண்ணாடி அறை கட்டி ஏசி மாட்டினார். பக்கத்துச் சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் பஞ்சை அந்தப் பக்கம் இழுக்கிறதென்று அதையும் நிறுத்திப்போட்டார். ஹாலுக்கு இருந்ததே அது ஒன்றுதான். அட பாவி மனுசா என்று அன்றைக்கே வயிறு எரிந்தது.

டீ நேரத்துக்கு முன்னால், எனக்கு அடுத்த மெஷினில் இருந்த மருதாள் இருமினாள், இருமினாள், அப்படியே துணிக்கட்டின்மேல் சாய்ந்தாள். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நானும் எதிர் மெஷின் அமராவதியும் தூக்கினோம். நல்ல காற்று இருக்கிற இடம் ஒன்றுதான். கண்ணாடிக் கதவைத் திறந்து பெட்டிக்கு அடியில் படுக்கவைத்தோம். லைனில் பாதிப்பேர் வாசலில் கூடிவிட்டார்கள்.

கதவு திறந்ததில் சூடேறிப் பெட்டி ஸ்கிரீனில் சிவப்பாகிவிட்டதென்று அந்தோணிராஜ் ஓடிவந்தான். மருதாளைப் பார்த்தான். போனில் ஆஸ்பத்திரி வண்டிக்குச் சொல்லிவிட்டு, கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு துணிக்கட்டை முட்டுக்கொடுத்தான். பின்னாலேயே முதலாளி வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதென்ன ஆஸ்பத்திரிங்களா? பெட்டி நின்னா லைனே நின்னு போயிருமுங்க."

"வண்டி வருது மொதலாளி. அந்த ஃபேனைப் போடச் சொல்லுங்க" என்றேன்.

"பஞ்சு பூராம் பெட்டிக்குள்ள போயிருமுங்களே."

"இப்ப எங்களுக்குள்ள போகுதே."

"இஷ்டமில்லாதவங்க கெளம்பலாமுங்க. நான் யாரையும் புடிச்சு வெக்கலீங்க." மரியாதை குறையாமல் கழுத்தை அறுக்கிற பேச்சு. அந்தோணிராஜ் பக்கம் திரும்பினார். "கதவைச் சாத்து தம்பி."

"மாட்டேன் சார். அந்தக்கா மூச்சு விடட்டும்."

"உனக்கும் வேலை வேண்டாமா?"

அமராவதி திரும்பிப் போய்த் தன் மெஷினை அணைத்தாள். பக்கத்தில் இன்னொருத்தி அணைத்தாள். அப்புறம் பவர்டேபிள் தையல் வரிசை, செக்கிங் மேசை, கடைசியில் அயர்ன் போடும் வடக்கத்திப் பையன்கள். ஹால் அடங்கியது. அடங்கின பிறகுதான் கேட்டது, இத்தனை நாள் மெஷின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த இருமல். இந்த மூலையில் ஒன்று, அந்த மூலையில் ஒன்று, ஹால் முழுக்க.

"பெட்டிக்குச் சூடுன்னா ஸ்கிரீன் சொல்லிருது. எங்களுக்கு நாங்கதான் சொல்லணும்" என்றேன். "ஃபேன் ஓடட்டும், நாங்களும் ஓட்டுறோம்."

வண்டி வந்தது. மருதாளை ஏற்றி, துணைக்கு அமராவதியை அனுப்பினோம். முதலாளி செல்போனை எடுத்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடவில்லை. நாங்கள் அணைத்த மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்றோம், அந்தோணிராஜும் எங்கள் வரிசையில். ஒருத்தரும் உட்காரவில்லை.