ரகளைக்கு ஒரே ஆள் போதும்

நான் மனு எழுதிப் பிழைப்பவன். எனக்கே ஒரு மனு எழுத வேண்டிய தலைவிதி வந்தது, மாடியில் குடியிருந்த தச்சனால். நான் வைத்த பெயர் டொக்கு. ஆள் தனிக்கட்டை. அவன் இரண்டு தட்டுத் தட்டினால் போதும், மாடிக்கு ஓடிப்போய்க் கத்தித் தீர்த்துவிட்டு வருவேன். முந்தாநாள்தான் வீட்டு ஓனர், “வாயால சண்டை போடாதீங்க, எழுத்துல குடுங்க” என்று சொல்லியிருந்தார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்ததும் ஆரம்பித்தான். டொக், டொக், டொக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. வாடா மகனே என்று பேனாவை எடுத்தேன்.

“என்னங்க, ஆணி அடிக்கிற மாதிரி இல்லையே. ஒரு எட்டு போய்ப் பாருங்களேன்” என்றாள் மனைவி.

“சும்மா இரு. என்ன வார்த்தை போடுறதுன்னு யோசிக்கிறேன். சத்தம்னா ஃபேனும்தான் சத்தம் போடுது. கூச்சல்னா வாயைத் திறக்கணும், இவன் திறக்கல. அமளின்னா கூட்டம் வேணும்.”

“ரகளைன்னு எழுதித் தொலைங்க.”

அட! ரகளைக்கு ஒரே ஆள் போதும். வேண்டுமென்றே செய்கிறான் என்பதும் அதிலேயே வந்துவிடும். ‘தினந்தோறும் ரகளை செய்து வருகிறார்’ என்று எழுதி, பிழை பார்த்து, கையெழுத்தும் போட்டேன். அதற்குள் மேலே மூன்று தட்டு ஒன்றாகி, அதுவும் நின்றுபோனது.

“பாத்தியா? எழுதும்போதே அடங்கிட்டான்” என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று மாடியேறினாள். அவள் போட்ட அலறலில் மனுவும் கையுமாக நானும் மேலே ஓடினேன்.

புதிதாகச் செய்த மர அலமாரி கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் டொக்கு. ஒரு கை மட்டும் வெளியே, சுத்தியலோடு. அந்த இடத்தில் மட்டும் தரை பெயர்ந்திருந்தது. ஐயோ, அரை மணி நேரம்! கத்துவதற்கு மூச்சில்லாமல் தட்டியிருக்கிறான். இருவரும் தம் கட்டி அலமாரியைத் தூக்கினோம். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். காற்றை இழுத்து இழுத்துப் பேசினான்.

“தட்டினா… உடனே சண்டைக்கு வந்துருவீங்களே சார்… அதான் தட்டினேன். இன்னிக்கு ஏன் வரல?”

மனு இன்னும் என் கையில்தான் கசங்கிக் கிடந்தது.

ஆம்புலன்ஸ்காரர் வந்து நாடி பார்த்தார். பிடித்த கையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு, “சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பணும். யாரு இருக்கா?” என்று என்னிடம் கேட்டார்.