சக்கர நாற்காலி யாருக்கு

அண்ணன் வீட்டுக்குக் கொஞ்ச நாள் போய்வரலாம் என்றுதான் தம்பி சொல்லியிருந்தான். மீதியை விமான நிலையத்தில் காபி குடித்துக்கொண்டே சொன்னான்.

"திரும்பி வர டிக்கெட் போடலக்கா. இனிமே அங்கதான். அண்ணிக்குக் குழந்தைங்களப் பாத்துக்க ஆள் வேணும்."

"என் வேலை?"

"நீ வரமாட்டேன்னு உன் முதலாளிகிட்ட நானே போன்ல சொல்லிட்டேன்."

பல் செட் செய்யும் லேபில் எனக்கு வேலை. சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனது, பேச்சு போகவில்லை. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வேன். போன் மட்டும் முடியாது. அந்த ஓட்டை வழியாகப் புகுந்திருக்கிறான்.

மேலே கேட்டேன். இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.

பணியாளர் ஒருவர் சக்கர நாற்காலியோடு வந்தார். காது கேட்காதவருக்கு உதவி தேவை என்று டிக்கெட்டில் தம்பிதான் போட்டிருந்தான். காதுக்கும் காலுக்கும் அங்கே வித்தியாசமில்லை போலிருக்கிறது.

"காது கேக்காதது யாருக்கு சார்?"

தம்பி அசையவில்லை.

"அவனுக்குத்தான்," என்றேன். "ஒத்துக்க மாட்டான். கத்துவான்."

பணியாளர் அவன் தோளைத் தொட்டு, காது கேட்காதா என்று சைகை காட்டியதும் துள்ளி எழுந்தான். "எனக்கு நல்லாக் கேக்குது! அக்காவுக்குத்தான்!"

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க," என்றார் பணியாளர் என்னிடம்.

தம்பி பாதுகாப்புச் சோதனை வரிசையைப் பார்த்தான். வாசல்வரை நின்றது. சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "விடுக்கா, சீக்கிரம் போயிடலாம்."

அதன்பின் யாரும் அவனிடம் பேசவில்லை.

"சார் தண்ணி குடிப்பாராம்மா?"

"வேணாம்."

"வேணும்!" என்றான் தம்பி. பணியாளர் அவன் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

"பாத்ரூம்?"

"அவனுக்கு வராது."

வாழ்நாள் முழுக்க என் தலைக்கு மேலேதான் பேசினார்கள். இன்று என்னிடம் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தேன்.

விமானத்தில் அவனைத்தான் முதலில் ஏற்றினார்கள். நாற்காலி உள்ளே உருண்டதும் வாசலில் நின்ற பெண், "நீங்களும் போங்கம்மா," என்றாள்.

"நான் வரல. அங்க எங்க அண்ணன் வந்து வாங்கிக்குவார்."

தம்பி திமிறித் திரும்பினான். "அக்கா, எங்க போற? அக்கா!" உதடு தெளிவாகத் தெரிந்தது. பணியாளர் அவன் காதருகே குனிந்து, பதறவேண்டாம் என்று கத்தினார்.

நேரே லேபுக்குப் போனேன். முதலாளி பல்வரிசை ஒன்றை ராவிக்கொண்டிருந்தார்.

"வரமாட்டீங்கன்னு தம்பி சொன்னாரே?"

"என்னைக் கேட்டீங்களா?"

அவர் அரத்தைக் கீழே வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகக் கேட்டார். "வேலைக்கு வர்றீங்களா?"

"வரேன். தம்பி போன் பண்ணினா அதச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."