உழாமல் விட்ட வளையம்

என் கணவர் லெமுவேல் பிராட் கான்சாஸ் சட்டசபைக்குப் போன வருஷம், எங்கள் வீட்டைச் சுற்றி உழவில்லை. இலையுதிர் காலத்தில் வீட்டைச் சுற்றி இரண்டு வளையமாகச் சால் ஓட்டி, அந்த இரண்டு வளையத்துக்கும் நடுவிலுள்ள புல்லைக் கொளுத்திவிடுவோம். காட்டுத்தீ வந்தால் அதோடு நின்றுவிடும். அந்த வருஷம் அவர் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டுக்காரர்கள் தங்கள் மாடுகளைக் கட்டிப்போட வேண்டும், எங்கள் பயிரில் விடக்கூடாது என்று சட்டம் கொண்டுவருவதாகச் சொல்லித்தான் ஜெயித்தார்.

பிப்ரவரியில் பெரிய மாட்டுக்காரர் ஏசா கெட்டரிங் வாசலில் குதிரையை நிறுத்தினார். இறங்கவில்லை.

"இந்தச் சட்டம் வந்தா நான் நடுத்தெருவுலதான் நிக்கணும். சும்மா இருப்பேன்னு நெனைக்காதே, பிலீனா."

போகும்போது உழாத புல்லை ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. புகை வாசம் அடித்தாலே பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பேன். 'கெட்டரிங் நம்மை உயிரோடு கொளுத்திவிடுவான். தயவுசெய்து அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்' என்று, சட்டசபை கூடும் டொபீகாவில் இருந்த லெமுவேலுக்குக் கடிதம் எழுதினேன்.

மார்ச்சில் ஒரு மத்தியானம், தென்மேற்கில் வானம் கறுத்தது. தீதான். என் இரண்டு பெண்களையும் தீப்பிடிக்காத பச்சைக் கோதுமை வயலுக்கு நடுவே உட்காரவைத்து ஈரப் போர்வையைப் போர்த்திவிட்டு, சாக்கை நனைத்துக்கொண்டு ஓடினேன். அப்போது கெட்டரிங் இரண்டு ஆட்களோடு வந்தார். வைக்கோல் அள்ளும் இரும்புக் கவையை எடுத்து அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினேன்.

"கிட்ட வந்தா குத்திடுவேன்."

"அப்புறமா குத்திக்கோ. இப்ப தள்ளு."

ஓட்டிவந்திருந்த தன் காளையைச் சுட்டார். அதை இரண்டாகப் பிளந்து, ஈரம் சொட்டும் பாதியை இரண்டு குதிரைகளுக்கு நடுவே கயிற்றில் கட்டி, தீயை அமுக்கியபடி அதன் மேலேயே இழுத்துக்கொண்டு ஓடினார்கள். களஞ்சியத்துக்கு இருபதடி முன்னால் தீ அடங்கியது. அவருடைய புருவம் கருகியிருந்தது.

"ரயில் எஞ்சின் பொறிதான் பத்தவெச்சுது. என்னோட மேய்ச்சல் நிலம் மொத்தமும் போச்சு," என்றார். "ஊரெல்லாம் கை குலுக்கப் போன மனுஷன், வீட்டைச் சுத்தி ஒரு சால் ஓட்டிட்டுப் போயிருக்கக் கூடாதா?"



நாலாம் நாள் லெமுவேல் வந்தார். முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது.

"நீ எழுதின மாதிரியே எதிர்த்துப் போட்டுட்டேன். ஒரே ஓட்டுல சட்டம் தோத்துப்போச்சு. எல்லாரும் என்னைக் காறித் துப்பாத குறைதான்," என்றார். கருகிய நிலத்தைப் பார்த்தார். "அவன்தானே வெச்சான்?"

"இல்லைங்க. அவர்தான் அணைச்சாரு."

அவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஏர் பூட்டப் போனார். மேயப் புல் இல்லாமல் போன கெட்டரிங்கின் மாடுகள், என் பெண்கள் உட்கார்ந்திருந்த கோதுமையில் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை விரட்டச் சட்டமும் இல்லை, எனக்கு முகமும் இல்லை.