உள்தாழ்ப்பாள்

இடது முட்டி காலையிலிருந்தே கெஞ்சிக்கொண்டிருந்தது. எட்டாவது கதவின் அடித்தாழ்ப்பாளைப் பொருத்திவிட்டு எழுந்தபோது சடக்கென்று சத்தமே போட்டது. சுவருக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்த பெயின்டர் பெண், கீலுக்கு விடுகிற எண்ணெயில் கொஞ்சம் முட்டிக்கும் விடச் சொன்னாள். தச்சர் சிரிக்கவில்லை. அடுத்தது ஒன்றாம் வகுப்பு அறை.

ஊரில் அவருக்கு 'நாளை மேஸ்திரி' என்று பெயர். எந்த வேலையைக் கேட்டாலும் நாளைக்கு என்பார். அந்த நாளை வர ஒரு மாதம் ஆகும். வேலை சுத்தம் என்பதால் திட்டிக்கொண்டே காத்திருப்பார்கள்.

பத்து வருடத்துக்கு முன் இந்த வகுப்புப் பிள்ளைகள், டீச்சர் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கும்மாளம் அடித்தார்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை. அந்த வானரங்களில் தச்சரின் மகளும் ஒருத்தி. தாழ்ப்பாளைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாற்றித் தரும்படி டீச்சர் தச்சரிடம் கேட்டார். செவ்வாய்க்கிழமை வந்து பழையதைக் கழற்றினார். மேலே பொருத்தத் தோதான திருகாணி பையில் இல்லை. நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் நுழைந்தான். ஒன்பது பிள்ளைகளும் இரண்டு டீச்சர்களும் செத்தார்கள். ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவர்களுடைய டீச்சர் கதவுக்கு முதுகைக் கொடுத்து, காலை மேசையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டார். மரத்தைத் துளைத்து வந்த குண்டுகளை அவர் உடம்புதான் வாங்கியது. உயிர் போன பிறகும் அவர் கனம் கதவைத் திறக்கவிடவில்லை. விசாரணை அறிக்கையில் ஒரே வரி: கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் எழுதவில்லை.

டீச்சரின் கணவர் பஸ் டிரைவர். கோடு போட்ட நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு, அன்றைக்கு யார் என்ன பார்த்தார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த நாளின் வரலாறு அதிகாரிகளின் அறிக்கையாக நின்றுவிடக் கூடாது, இருந்தவர்கள் வாயால் வர வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தச்சர் அவருடைய பஸ்ஸில் ஏறுவதில்லை. தெருவில் அவர் தலை தெரிந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவார்.

வகுப்பறைக்குள் சந்து ஏது? புதுக் கதவுகளைப் பார்க்க வந்த டிரைவர் வாசலிலேயே நின்று, வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறேனோ என்றார். தச்சர் தாழ்ப்பாளைக் கதவில் வைத்துப் பென்சிலால் குறி போட்டார். குறி கோணலாக விழுந்தது.

"அண்ணே, அந்த நோட்டு கையில இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எழுதிக்குங்க. அன்னிக்கு இங்க இருந்த தாழ்ப்பாளைக் கழட்டினது நான்தான்."

ஒன்று விடாமல் சொன்னார். திருகாணியைச் சொன்னார், அந்தப் புதனும் வியாழனும் வேறொரு வீட்டில் அலமாரி அடித்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். டிரைவர் நடுவில் ஒரு முறைதான் நிறுத்தினார், செவ்வாய் காலையா மாலையா என்று கேட்க. பெயின்டர் பெண் வாளியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனாள்.

டிரைவர் பேனாவை மூடினார். "புதன்கிழமை என் சம்சாரம் வீட்டுக்கு வந்து உங்களைத் திட்டினா. அந்த ஆளு நாளைக்குன்னு சொன்னா நாம காலண்டரைத்தான் மாத்தணும்னா. ரெண்டு பேரும் சிரிச்சோம்."

"அப்ப உங்களுக்கு மொதல்லயே தெரியும்."

"தெரியும். நீங்க சொல்லாம நான் எழுதினா அது என் பேச்சு. அதான் விட்டுட்டேன்."

"கோவம் வரலையா?"

"வராம? மூணு வருஷம் உங்க தெரு வந்தா ஹாரன்ல இருந்து கையை எடுக்க மாட்டேன். இங்க எதுக்குய்யா இப்படி அடிக்கிறேன்னு பயணிங்க சண்டைக்கு வருவாங்க."

தச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. டிரைவர் நோட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்து, கதவு ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தச்சர் கோணல் குறியை அழித்துப் புதிதாகப் போட்டார். நான்கு திருகாணியும் ஒவ்வொன்றாக ஏறின.

புறப்படும்போதுதான் டிரைவர் அவர் மகளைப் பற்றிக் கேட்டார். பதினாறு முடிந்தது என்றார் தச்சர். அன்று கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவள் அவள். டீச்சர் கடைசிவரை மெதுவாக ஏதோ பேசிக்கொண்டே இருந்தார் என்று மற்ற பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். அது என்ன என்று காதில் விழுந்தது அவளுக்கு மட்டும்தான். பெற்றவளிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

"நான் கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம். புள்ளைய நோண்டாதீங்க. அவளா சொல்லட்டும்."

தச்சர் சொன்னதற்கு அடுத்த பக்கத்தை எழுதாமல் விட்டு, டிரைவர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். மனைவி கடைசியாக என்ன பேசினாள் என்பதைத் தச்சரின் வீடு அவருக்கு இன்னும் சொல்லவில்லை. அந்தக் கடன் நிற்கிறது.