ஷியோனுக்கு ஒரு பதில்

ரத்தம் குடிக்கும் சத்தத்துக்கு இசுமிதா தன் மணிக்கட்டைத்தான் உறிஞ்சுவார். காலையிலிருந்து எடுத்த காட்சியையே திரும்பத் திரும்ப எடுத்ததில் அது செக்கச் சிவந்துவிட்டது. கடிபட வேண்டிய என் கழுத்து மட்டும் பத்திரமாக இருந்தது.

இசுமிதா ஷியோனுக்குக் குரல் கொடுப்பவர். ஷியோன், நாகசாகியில் ஒரு பழைய மாதா கோயிலில் பகலெல்லாம் தூங்கும் ரத்தக்காட்டேரி. முதலில் கணினி விளையாட்டாக வந்த கதை, இப்போது அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் தொடராகிறது. விளையாட்டில் கதாநாயகிக்குக் குரலே கிடையாது. ஷியோன் பேசுவான், அவள் பதில் திரையில் வெறும் எழுத்தாக வரும், மறுபடியும் ஷியோன் பேசுவான். விளையாடுகிறவள்தான் கதாநாயகி என்று கணக்கு. அனிமேயில் அவளை ஊமையாக நிறுத்த முடியாதே, அதற்காக என்னைப் பிடித்துப் போட்டார்கள். "அவளுக்கு எதுக்குக் குரல்? அவ நான்தானே" என்று ரசிகைகள் என்னைக் கரித்துக் கொட்டினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான்.

தகராறு கடிக்கும் காட்சியில். "பயமா இருக்கா?" என்று ஷியோன் கேட்பான். நான் இரண்டு வரி பேச வேண்டும். முதல் வரி முடிவதற்குள் இசுமிதா அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். இரண்டு குரலும் முட்டிக்கொள்ளும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலி இயக்குநர் மகாபே அம்மாள் கேட்டார்: "ஏன் இசுமிதா, அந்தப் பொண்ணு பேசி முடிக்கிறதுக்குள்ள ரத்தம் ஆறிப்போயிடுமா?"

"மன்னிச்சிடுங்க. விளையாட்டுக்குத் தனியாவே நின்னு பேசினதுல வந்த பழக்கம். ஒரு மூச்சு விடுறேன், அடுத்த வரி தானா வந்துடுது."

"சாப்பிட்டுட்டு வந்து ஒரே ஒரு தடவை பாப்போம். அப்பவும் சரியா வரலைன்னா ரெண்டு பேரையும் தனித்தனியா எடுத்து ஒட்டிடுவேன்."

தனியாக எடுத்தால் வேலையும் போகாது, பெயரும் கெடாது. ஆனால் ஷியோன் பக்கத்தில் நின்று பதில் சொல்லத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன்.

வயிற்றின் இரைச்சல் மைக்கில் விழக்கூடாதென்று ஆளுக்கொரு சோற்று உருண்டையை விழுங்கிக்கொண்டிருந்தோம். இசுமிதா வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எம் மேல கோவமா, கனாயே?"

"பின்ன? ஒரு மூச்சுக்குள்ள ரெண்டு வரிய யாரால சொல்ல முடியும்? அந்த எடத்துல ஒரு வார்த்தைதான் அடங்கும். நான் சொல்லிப் பாத்திருக்கேன்."

"எங்க?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "எங்க வீட்டுல, கதவச் சாத்திக்கிட்டு. ஷியோன் கேக்கறப்பல்லாம் பதில் சொல்லுவேன்." காது இரண்டும் சுட்டன.

கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "நான் இத்தன வருஷமா சுவத்துகிட்ட பேசிட்டிருந்ததா நெனச்சேன்" என்றார். "என்ன பதில் சொன்னீங்க?"

"இங்க சொல்ல மாட்டேன்."

நேராக மகாபே அம்மாளிடம் போய், இரண்டு வரிக்குப் பதில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்க அனுமதி கேட்டேன். "வசனம் எழுதினவரு இங்கதான் உக்காந்திருக்காரு, அவரு மூஞ்சியப் பாரு" என்றார். பிறகு அவரே, "சரி, ஒரு தடவை" என்றார்.

மைக் முன்னால் நின்றோம். தாள் சலசலக்காமல் பக்கத்தைத் திருப்பினேன்.

"பயமா இருக்கா?"

ஒரு மூச்சு.

"உனக்கு?"

அடுத்த வசனம் வரவில்லை. இசுமிதா தாளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எங்குமே எழுதப்படாத ஒரு வார்த்தையை மிக மெதுவாகச் சொன்னார்.

"இருக்கு."

அப்புறம்தான் மணிக்கட்டு வாய்க்குப் போனது.

கண்ணாடிக்கு அப்பால் மகாபே அம்மாள் பொத்தானை அழுத்திப் பேசினார்: "படத்துல அந்த எடத்துல ஷியோன் வாய் மூடியிருக்கு. தெறந்து வரையச் சொல்லிடறேன்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம். அடுத்த பக்கத்தில் எனக்கு நீளமான வசனம். இசுமிதா கடைசிச் சொல்வரை காத்திருந்தார்.